மாசம் இருநூறு மிச்சம்

கேபிளை வெட்டியவர்களை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருவார்கள். ரசம் வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். “இன்னுமா சார் கேபிள் வெச்சிருக்கீங்க?” கேட்கிற தோரணையில், நம் வீட்டில் இன்னும் விறகடுப்புதான் எரிகிறதோ என்று நமக்கே சந்தேகம் வரும். “நாங்க எடுத்து எத்தனையோ மாசம் ஆச்சு. எல்லாம் ஓடிடிதான். மாசம் இருநூறு மிச்சம்!” வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு என்று பெருக்கலையும் அவரே போட்டுத் தருவார். பாயசம் வருவதற்குள் நாம் கூனிக் குறுகிவிடுவோம்.

கணக்கு எனக்கும் வரும் என்பதால் நானும் போட்டுப் பார்த்தேன். கேபிளுக்கு மாதம் முந்நூறு என்றே வைத்துக்கொள்வோம். அதை வெட்டியாயிற்று. இனி படம் எதன் வழியாக வரும்? வைஃபை வேண்டும். அடிமட்டத் திட்டமான 399 ரூபாய்கூட 18 சதவீத ஜிஎஸ்டியோடு 471 ஆகிறது. நெட்ஃபிளிக்ஸை வீட்டு டிவியில் முழு ஹெச்டி தெளிவோடு பார்க்க 499. அமேசான் பிரைம் வருடத்துக்கு 1,499, அதாவது மாதம் 125. ஜியோஹாட்ஸ்டார் 2025-ல் கடை திறந்தபோது டிவியில் பார்க்கிற திட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு 299 என்றது, மாதம் நூறு. கூட்டினால் ஆயிரத்து இருநூறுக்கு ஐந்து ரூபாய் குறைவு. மாமியாருக்கு சன் தொலைக்காட்சி சீரியல் வேண்டுமென்றால் சன் நெக்ஸ்ட், நாத்தனாருக்கு ஜீ தமிழ் என்றால் ஜீ5. அவற்றை நான் இன்னும் கூட்டவே இல்லை. “வைஃபை எப்படியும் வாங்கத்தானே போறோம்” என்று ஒரு வாதம் வரும். நியாயம்தான், கழித்துவிடுவோம். அப்போதும் 724 நிற்கிறது. முந்நூறை மிச்சம் பிடிக்க எழுநூற்றி இருபத்து நான்கு!

அந்தப் பந்திக்காரரின் இருநூறு எங்கிருந்து வந்தது என்பது துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது. பிரைம், மச்சானுடையது. நெட்ஃபிளிக்ஸ், அலுவலக நண்பருடையது. ஹாட்ஸ்டார், செல்போன் ரீசார்ஜோடு ஒட்டிக்கொண்டு வந்தது. செலவை அவர் வெட்டவே இல்லை, சொந்தபந்தங்களின் தலையில் கட்டியிருந்தார். தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் டிஜிட்டல் புரட்சி என்று இதைத்தான் நாம் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

கேபிளுக்காக ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கறுப்பு வயர் செய்த பாவங்களை எழுதினால் ஒரு புராணத்துக்குத் தேறும். 2006 தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சி இலவசம் என்றார்கள், ஜெயித்தார்கள், கொடுத்தார்கள். சுமார் ஒன்றரைக் கோடி பெட்டிகள். பெட்டி இலவசம், அதில் படம் தெரிய மாதாமாதம் வேறு ஒருவருக்குப் படியளக்க வேண்டும். அந்த வேறு ஒருவர் யார், பெட்டி கொடுத்தவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் அப்போது டீக்கடை பெஞ்சுக்கே தெரிந்த ரகசியம். 2007-ல் அந்த உறவில் விரிசல் விழுந்தது. உடனே புதுத் தொலைக்காட்சி ஒன்று பிறந்தது. கூடவே ‘மக்களுக்கு மலிவு விலையில் கேபிள் தர வேண்டாமா’ என்ற ஞானமும் பிறந்து, அரசு கேபிள் நிறுவனம் உதயமானது. 2008 டிசம்பரில் அந்த உறவு மறுபடி ஒட்டி, கண்கள் பனித்து இதயம் இனித்ததும், மக்களின் மலிவு விலை தூங்கப் போய்விட்டது. 2011-ல் ஜெயலலிதா வந்து அதை எழுப்பி, மாதம் 70 ரூபாய் என்றார். அவர் எழுப்பியது மக்கள் மேல் இருந்த பாசத்தாலா, அந்த வீட்டார் மேல் இருந்த கோபத்தாலா என்று ஆராய்வது வீண். எழுபது ரூபாய்க்குப் படம் தெரிந்தது. இந்த மாநிலத்தில் நுகர்வோர் நலன் என்பது, இரண்டு பெரிய வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில் மட்டுமே நமக்குக் கிடைக்கிற சமாச்சாரம். 2022 நவம்பரில் மென்பொருள் தகராறில் அதே அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் லட்சக்கணக்கான வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டன. பெட்டி அரசாங்கத்துடையது, அதன் மூளை தனியாருடையது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

பிறகு டிராய் வந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019 பிப்ரவரியில் கொண்டுவந்த புதுக் கட்டண முறையை நினைவிருக்கிறதா? “நீங்கள் பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள்” என்றார்கள். கேட்கவே இனித்தது. முதலில் நூறு சேனலுக்கு 130 ரூபாய் வாசல் கட்டணம். ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. இது சும்மா வீட்டுக்குள் நுழைவதற்கு. அதற்குப் பிறகு கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. தொகுப்பில் சேர்க்கிற சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு போட்டார்கள். நுகர்வோரைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. மறுநாள் விடிந்து பார்த்தால், இந்தியாவின் பெரிய சேனல்கள் வரிசையாக வேலிமேல் ஏறி உட்கார்ந்திருந்தன: எல்லாருக்கும் விலை 19. உச்சவரம்பு என்று ஆணையம் எழுதியதை, குறைந்தபட்ச ஆதார விலை என்று அவர்கள் படித்தார்கள். விவசாயிக்கு இந்த வித்தை தெரியாமல் போயிற்றே!

அதற்குமேல் நடந்தது இன்னும் விசேஷம். 2020-ல் 19-ஐ 12 ஆக்கினார்கள். சேனல்காரர்கள் மும்பை உயர் நீதிமன்றம் போனார்கள், அங்கே பெரிதாகத் தேறாமல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022 நவம்பரில் ஆணையம் தானாகவே மறுபடி 19-க்கு வந்து நின்றது. ஏழு ரூபாய்க்காக நாட்டின் பெரிய வக்கீல்கள் கோட்டு மாட்டி நின்றார்கள். அவர்கள் ஒரு நாள் வாங்கிய கட்டணத்தில் எங்கள் தெரு முழுக்க ஆயுளுக்கும் கேபிள் பார்த்திருக்கலாம். 2024 ஜூலையில், வாசல் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். சந்தையே பார்த்துக்கொள்ளுமாம். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இத்தனை அவஸ்தையில் நொந்துபோய்த்தான் ஜனங்கள் வயரைப் பிடுங்கிப் போட்டார்கள். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வயரே இல்லாமல் தட்டு மாட்டியவர்களும் விட்டு ஓடினார்கள்: டிடிஹெச் சந்தாதாரர்கள் ஒரு காலத்தில் ஏழு கோடியைத் தொட்டார்கள். இன்றைக்கு ஆறு கோடிக்கும் கீழே. இப்படி விட்டு வந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது.

பழைய வீட்டுக்காரரின் அநியாயம் பொறுக்காமல் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து, கடைசியில் மலிவாக ஒரு வீட்டைப் பிடித்து, முன்பணம் கொடுக்கப் போனால், உள்ளேயிருந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு வருகிறவர் அதே பழைய வீட்டுக்காரர்! ஹாத்வே, டென் என்று நாட்டின் இரண்டு பெரிய கேபிள் நிறுவனங்கள். 2018 அக்டோபரில் இரண்டிலும் பெரும்பங்கை வாங்குவதாக அறிவித்தது ரிலையன்ஸ். அந்தக் கேபிளில் கோபித்துக்கொண்டு ஜியோ ஃபைபருக்குப் போனவர் ரிலையன்ஸிடமிருந்து ரிலையன்ஸுக்குப் போனார். அங்கிருந்து ஜியோஹாட்ஸ்டாரைத் திறந்தவர் திண்ணையிலிருந்து கூடத்துக்கு வந்தார், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் சுமங்கலி கேபிள் யாருடையது, சன் டைரக்ட் யாருடையது, சன் நெக்ஸ்ட் யாருடையது என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வயரில் வந்தாலும் அவர்கள், வானத்தில் வந்தாலும் அவர்கள், வைஃபையில் வந்தாலும் அவர்கள். நாம் வெட்டியது வயரை மட்டும்தான். வயரின் மறுமுனையைப் பிடித்திருந்த கை அப்படியே இருக்கிறது. இப்போது அது இன்னும் வசதியாக நம் வங்கிக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

கிரிக்கெட் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தொழிலின் நுணுக்கம் முழுக்க அதில்தான் இருக்கிறது. 2023 முதல் ஐந்து வருட ஐபிஎல் உரிமையை 2022 ஜூனில் ஏலம் விட்டார்கள். மொத்தம் 48,390 கோடி ரூபாய். டிவி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கு, இணைய உரிமை ரிலையன்ஸ் தரப்பின் வயாகாம்18-க்கு. 2023 சீசனில் ஜியோசினிமா “அத்தனை ஆட்டமும் இலவசம்” என்று கதவைத் திறந்து வைத்தது. ஊரே உள்ளே போனது. அதுவரை ஐபிஎல்லுக்குக் காசு வாங்கிக்கொண்டிருந்த ஹாட்ஸ்டார் ஆட்டம் கண்டது. அதுவும் அந்த வருட உலகக் கோப்பையைச் செல்போனில் இலவசமாகக் காட்ட வேண்டி வந்தது. ஆஹா, போட்டி என்றால் இதுவல்லவா போட்டி, நுகர்வோர்தான் ராஜா என்று பொருளாதாரம் படித்தவர்கள் பூரித்தார்கள். 2024 ஆகஸ்டில் போட்டி ஆணையம் சில நிபந்தனைகளோடு ஒப்புதல் தர, நவம்பரில் இரண்டு கம்பெனிகளுக்கும் கல்யாணம் முடிந்தது. 2025 பிப்ரவரி 14, காதலர் தினத்தில், இரண்டு ஆப்பும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. மார்ச்சில் ஐபிஎல். கொஞ்ச நேரம் ஆட்டம் தெரிந்தது. பிறகு சந்தா கேட்டது. இலவசமாகத் தெரிய வேண்டுமா? ஜியோவில் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யுங்கள் என்றார்கள். நாற்பத்தெட்டாயிரம் கோடியை யாரோ தர்மத்துக்குக் கொடுத்ததாக நம்பிய நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

செல்போனிலும் இதே கதைதான். 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்து வீடெல்லாம் டேட்டா தெளித்தது. 2024 ஜூலையில் மூன்று கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் ஒரே யோசனை வருவதை நம் ஊரில் தற்செயல் என்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் செய்தால் மட்டும் அதற்கு வேறு பெயர்.

நெட்ஃபிளிக்ஸ் இதில் ரொம்பப் பண்பாக நடந்துகொண்டது. 2021 டிசம்பரில் இந்தியர்களுக்காக விலையைக் குறைத்தது. எல்லாரும் சேர்ந்த பிறகு, 2023 ஜூலையில், “ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும்” என்று கடிதம் போட்டது. குடும்பம் என்றால் என்ன என்று அமெரிக்காவிலிருந்து நமக்கு வகுப்பு எடுக்கிறார்கள். ஒரே வைஃபையில் இருந்தால் குடும்பம்! அதன்படி, கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிற மகன் குடும்பத்தில் இல்லை. பிரசவத்துக்குத் தாய் வீடு போன மகள் இல்லை. ஆறு மாதம் மூத்தவன் வீடு, ஆறு மாதம் இளையவன் வீடு என்று பெட்டியோடு அலைகிற அப்பா எந்த வீட்டிலும் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க தாலுகா அலுவலகத்தில் நாயாய் அலைந்த அனுபவம் நமக்கு உண்டு. இப்போது பெற்ற பிள்ளை பிள்ளைதான் என்று கலிபோர்னியாவில் இருக்கிற சர்வருக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டில் ஒரு அம்மா. வயது எழுபதைத் தாண்டியாயிற்று, தனியாக இருக்கிறார். கேபிள் இருந்த நாளில் ரிமோட்டில் மூன்று எண்ணை அழுத்துவார். கண்ணாடி போடாமலே அழுத்துவார். சேனல் வரும், சீரியல் ஓடும், இடைவேளையில் போய்க் குக்கரை இறக்கிவிட்டு வருவார். பெங்களூரில் வேலை பார்க்கிற மகன், அம்மாவுக்கு நல்லது செய்கிறேன் என்று கேபிளை எடுத்துவிட்டு ஸ்மார்ட் டிவி வாங்கி வைத்துவிட்டுப் போனார். இப்போது ரிமோட்டை அழுத்தினால் முதலில் போஸ்டர்கள் வருகின்றன. துப்பாக்கியும் ரத்தமும், யார் யாரோ முத்தமும். அதற்குக் கீழே ஆப்களின் வரிசை. சரியானதைப் பிடித்து உள்ளே போனால் “யார் பார்க்கிறீர்கள்?” என்று கேட்கிறது. நான்கு வட்ட முகங்கள்: மகன், மருமகள், பேத்தி, மருமகளின் தம்பி. வீட்டில் இருக்கிற ஒரே ஆள் அந்த வரிசையில் இல்லை. அவர் எப்போதும் பேத்தியின் முகத்தைத் தொட்டு உள்ளே போவார், கரடிப் படம் போட்டிருப்பதால் அடையாளம் சுலபம். போனால் சீரியல் இருக்காது, கார்ட்டூன்தான் இருக்கும்.

ஒரு நாள் அந்த ஆப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டது. திரையில் கட்டம் கட்டமாக ஆங்கில எழுத்துகள். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகப் போய் நிற்க வேண்டும். ‘ஏ’யிலிருந்து ‘எம்’முக்குப் போக எத்தனை அழுத்து என்று அந்த அம்மாவைக் கேளுங்கள், சொல்வார். எல்லாம் முடித்தால் ஓடிபி. அது மகனின் செல்போனுக்குப் போகிறது. மகன் மீட்டிங்கில் இருக்கிறார். மீட்டிங் முடிந்து அவர் அழைத்து எண்களைச் சொல்லும்போது அந்த எண்களுக்கு ஆயுள் முடிந்திருக்கிறது. “அம்மா, சீரியல் எங்கயும் போகாதும்மா, எப்ப வேணா பாத்துக்கலாம், அதான் இதுல வசதியே” என்கிறார். அந்த எப்ப வேணா என்பது அவர் ஊருக்கு வருகிற சனிக்கிழமை.

முன்பு இதற்கெல்லாம் ஒரு ஆள் இருந்தார். கேபிள்காரர். அவரும் யோக்கியர் இல்லை. தீபாவளி ராத்திரி புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக லோக்கல் சேனலில் ஓடவிட்டவர். மழை பெய்தால் போனை எடுக்காதவர். ரசீது கேட்டால் ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் பார்ப்பவர். ஆனால் அவருக்கு ஒரு முகம் இருந்தது, அந்த முகத்துக்கு எதிரே நின்று திட்ட முடிந்தது. “காசு மட்டும் ஒண்ணாம் தேதி கரெக்டா வந்து வாங்கத் தெரியுது இல்ல?” என்று கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார். ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவார். அவருடைய லோக்கல் சேனலில்தான் மாரியம்மன் கோவில் தீமிதி நேரலையில் வந்தது. தெருப் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களும், இறந்தவர்களின் பதினாறாம் நாள் அறிவிப்பும் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் கீழே ஓடின. இப்போது யாரைத் திட்டுவது? “வணக்கம், நான் உங்கள் மெய்நிகர் உதவியாளர்” என்று ஒன்று வருகிறது. அதற்குத் தலையே இல்லை, எதைச் சொறியும்?

சரி, இவ்வளவும் கொடுத்தாயிற்று. நினைத்த படமாவது கிடைக்கிறதா? வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் ஜீ5-ல் வந்தது. இரண்டாம் பாகம் பிரைமில். ஒரே கதை, ஒரே காடு, ஒரே போலீஸ். ஆனால் பாதியில் சாவி மாறுகிறது. முதல் பாகத்தில் கைதானவரின் கதி என்ன என்று தெரிய வேண்டுமானால் அடுத்த கடையில் சந்தா கட்டு. டிக்கெட் கிழித்து உள்ளே விட்டு, இடைவேளைக்குப் பிறகு பக்கத்துத் தியேட்டருக்குப் போகச் சொன்னால் கவுண்டரை உடைத்திருப்போம் இல்லையா? இங்கே மரியாதையாக ஜிபே செய்கிறோம்.

விளம்பரம் இல்லாமல் பார்க்கலாம் என்றுதான் பாதிப் பேர் இந்தப் பக்கமே வந்தது. பிரைம் முதலில் வந்தபோது வருடத்துக்கு 499. பிறகு 999. 2021 டிசம்பரில் 1,499. 2025 ஜூனில் அந்த 1,499-க்குள்ளேயே விளம்பரமும் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்பவர் மேற்கொண்டு வருடத்துக்கு 699 அல்லது மாதத்துக்கு 129 கட்ட வேண்டும். கேபிளில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று ஒரு விதியாவது இருந்தது. அதைப் பல சேனல்கள் மதிக்கவில்லை, எதிர்த்து வழக்கும் போட்டார்கள் என்பது வேறு விஷயம். மீறுவதற்காகவாவது ஒன்று எழுதி வைத்திருந்தார்கள். இங்கே மீறுவதற்கும் ஒன்றுமில்லை.

வெளியேறலாம் என்று ஒரு நாள் முடிவெடுத்தேன். எந்த ஆப் என்று சொல்ல மாட்டேன்; எதுவாக இருந்தாலும் இதேதான். சேரும்போது ஒரே ஒரு பொத்தான், கட்டைவிரல் அகலத்துக்கு, பளபளவென்று இருந்தது. விலகுவதற்கான எழுத்து சாம்பல் நிறத்தில், பக்கத்தின் அடியில், வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிந்திருந்தது. தொட்டால், “போகிறீர்களா?” என்றது. ஆமாம் என்றால், “இதையெல்லாம் இழக்கப் போகிறீர்கள்” என்று நான் பார்க்காத படங்களை வரிசையாகக் காட்டியது. அப்புறம், “பாதி விலைக்கு இருக்கிறீர்களா?” என்றது. அப்படியானால் இத்தனை நாள் முழு விலை வாங்கியது எதற்கு? அப்புறம் காரணம் கேட்டது. காரணங்களின் பட்டியலில் ‘எரிச்சல்’ இல்லை. கடைசியில் இரண்டு பொத்தான்கள்: ‘இருக்கிறேன்’, ‘பிறகு முடிவு செய்கிறேன்’. இந்த வித்தைகளுக்கெல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் ஒரு வழிகாட்டுதல் போட்டது. இருண்ட உத்திகள் பதின்மூன்று வகை என்று எண்ணி, பெயரிட்டு, விளக்கமும் எழுதியது. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. எலிப்பொறி எப்படி இருக்கும் என்று படம் போட்டு ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். எலிகள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

சந்தாவுக்காகக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. சொல்கிறார்கள். வட்டியில்லாக் கடன், ரம்மி, தங்க நகைச் சீட்டு என்று வருகிற அறுபது குறுஞ்செய்திக்கு நடுவில், அறுபத்தொன்றாவதாகச் சொல்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட மலிவாக ஒன்று நாட்டில் இருக்கிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். ஒரு முறை தட்டு வாங்கி மாட்டினால் மாதக் கட்டணமே இல்லை. உண்மையான ஏழைக்கு உண்மையாகவே இலவசம். ஆனால் தமிழன் பார்க்கிற பெரிய சேனல் எதுவும் அதில் கிடையாது. இருக்கிற சொந்தத் தமிழ்ச் சேனலுக்கு அரசு செய்த சேவை, 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை எடுத்துவிட்டு டிடி தமிழ் என்று வைத்தது. அதே வருடம் நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்று தன் சொந்த ஓடிடியும் திறந்தது. உங்களுக்குத் தெரியாதா? பரவாயில்லை, தெரியாதவர்கள் சங்கத்தில் நீங்கள் தனி ஆள் இல்லை.

அரசாங்கம் ஓடிடியைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனிக்கிறது. 2020 நவம்பரில் ஓடிடிகளைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2021-ல் விதிகள் போட்டது. எந்தப் படம் எந்த வயதுக்கு, யார் மனம் புண்பட்டால் யாரிடம் புகார் செய்வது, எத்தனை நாளில் பதில் சொல்வது, மூன்று அடுக்கு. 2023-ல் ஒலிபரப்புச் சேவை மசோதா என்று ஒரு வரைவு, 2024-ல் திருத்திய வரைவு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெறல். 2025 ஜூலையில் ஆபாசம் என்று இருபத்தைந்து ஆப்களுக்கும் தளங்களுக்கும் தடை. நாம் எதைப் பார்க்கிறோம் என்பதில் இவ்வளவு அக்கறை! எவ்வளவு கட்டுகிறோம் என்பதில் மருந்துக்கும் ஒரு வரி கிடையாது. கேபிள் சேனலின் 12-க்கும் 19-க்கும் இடையில் வருடக்கணக்காக வாய்தா வாங்கிய அதே தேசத்தில், ஓடிடி ஒரே இரவில் ஐந்நூறு ரூபாய் ஏற்றினால் கேட்க நாதியில்லை. திரையில் ஒரு அங்குலத் துணி குறைந்தால் டெல்லி பதறுகிறது. பில்லில் இருக்கிற ஆபாசத்துக்கு எந்த வயதுச் சான்றிதழ் கொடுப்பார்கள்?

தேர்தல் அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு யோசனை வைக்கிறேன், இனாமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிவி கொடுத்தீர்கள், மிக்சி கொடுத்தீர்கள், மடிக்கணினி கொடுத்தீர்கள். அடுத்ததாகக் குடும்ப அட்டைக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். எட்டெழுத்து, அதில் ஒன்று பெரிய எழுத்து. தலைவரின் பெயரையே வைத்துவிட்டால் யாருக்கும் மறக்காது, திருடுகிறவனுக்கும் சிரமம் இருக்காது.

போன வாரம் எங்கள் அடுக்ககத்துக்கு ஃபைபர் இணைப்பு விற்க ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பளபளக்கிற தாள். “இருபது ஆப் சார், ஒரே பேக்! ஒரே பில், ஒரே ரிமோட். தனித்தனியா கட்டி ஏன் சார் ஏமாறீங்க?” தாளை வாங்கிப் பார்த்தேன். இருபதில் பதினேழின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு மூன்று, எனக்குத் தெரியாத மொழிகளுக்கானவை. ஒன்று, பக்திப் பாடல்களுக்கு மட்டும். 2019-ல் இந்த மூட்டையைப் பிரிக்கத்தானே ஆணையம், ஆணை, வழக்கு எல்லாம்?

“எனக்கு இதுல மூணு போதும் தம்பி. அந்த மூணுக்கு மட்டும் என்ன ரேட்டு?”

“அப்படிப் பிரிச்சுத் தர மாட்டாங்க சார். மொத்தமா எடுத்தாதான் உங்களுக்கு லாபம். மாசம் இருநூறு மிச்சம்.”

“இதுல போட்டிருக்கிற ரேட்டு எல்லாம் சேர்த்தா?”

“ஜிஎஸ்டி தனி சார்.”